விட்டுப்போன ஆறாவது செமஸ்டர்

14 மார்ச் 2022, திங்கள்

எண்ணூரில் மூன்று கிணற்றுத் தண்ணீர், திருவொற்றியூரில் ஒரு போர்வெல் தண்ணீர். நான்கு பாட்டிலையும் ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பதினொரு மணிக்கே லேபுக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம்.

தரச்சான்று கொடுக்கிற இடத்திலிருந்து ஆடிட்டர் வந்திருந்தார். தண்ணீரைத் தீயில் பீய்ச்சி அதில் ஈயம், இரும்பு எவ்வளவு என்று அளக்கும் மெஷினில் நான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்று பத்து நிமிடம் பார்த்தார். நன்றாகச் செய்கிறீர்கள் என்றார். பிறகு, "உங்க தகுதி என்னம்மா?"

"பதினாலு வருஷமா இந்த மெஷின்லதான் சார்."

"அது அனுபவம். நான் படிப்பைக் கேட்டேன்."

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. முடிக்கல."

அவர் முகம் மாறவில்லை. மரியாதையாகத் தலையசைத்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். சின்ன வாக்கியம்தான். ஒரு வரி கூட இருக்காது.

21 மார்ச், திங்கள்

முதலாளி கிருஷ்ணப்பன் சார் கூப்பிட்டார். "ஜெரினா, தப்பா எடுத்துக்காதம்மா. இனிமே மெஷினை ஜெஸ்வின் பார்த்துக்கட்டும். நீ சாம்பிள் எடுத்துட்டு வா, கிளாஸ் சாமானைப் பாத்துக்கோ. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

ஜெஸ்வின் எம்.எஸ்சி. இருபத்து நான்கு வயது. போன வருடம் அவன் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த மெஷினில் தீயைப் பற்றவைக்கச் சொல்லிக்கொடுத்தது நான். மதியம் என்னிடம் வந்து, "அக்கா, நான் இதைக் கேட்கல" என்றான். தெரியும் என்றேன். தெரியும்தான்.

சாயங்காலம்வரை பாட்டில் கழுவினேன். கழுவறது ஒண்ணும் கேவலமில்ல. பதினாலு வருஷமா கழுவிக்கினுதான் கீறேன். இன்னிக்குக் கழுவுனது வேற.

9 ஏப்ரல், சனி

நோன்பின் ஏழாம் நாள். வெயில். பழைய கல்லூரிக்குப் போய், அங்கிருந்து பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன்.

2003இல் சேர்ந்தேன். இரண்டாம் வருடம் முடிந்ததும் நிக்காஹ். மூன்றாம் வருடமும் விடாமல் போனேன். 2006 ஏப்ரலில் கடைசி செமஸ்டர் தேர்வு. பதினோராம் தேதி மகள் உமைமா பிறந்தாள். பதிமூன்றாம் தேதி முதல் பேப்பர். அடுத்த வருடம் எழுதலாம் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வருடமும் அப்படியே நினைத்தேன்.

கவுண்டர் ஜன்னலுக்குள் இருந்த அலுவலக அம்மா என் பழைய மார்க் ஷீட்டுகளைப் புரட்டினார். "எல்லாம் பாஸாகியிருக்கே. எது போச்சு?"

"ஆறாவது செமஸ்டர் மட்டும். எழுதவே இல்லை."

"அந்த சிலபஸே இப்ப இல்லைங்க. பழைய பேட்ச்சுக்குக் கடைசி வாய்ப்பு ஒண்ணு கொடுத்தாங்க. அதுவும் முடிஞ்சிருச்சு. இனி முதல்லேருந்துதான்."

நான் நகராமல் நின்றதைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் அதில்தான் சேருகிறார்கள், செலவும் குறைவு, ஞாயிற்றுக்கிழமை பிராக்டிகல் என்றார். மூன்று வருடம்.

ஐந்து செமஸ்டர் பாஸ் செய்த தாள்கள் பைக்குள் இருந்தன. பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ளக்கூடப் பிடிக்கவில்லை.

18 ஏப்ரல், திங்கள்

மெஷினைத் திரும்ப வாங்குவதற்கு மட்டுமா பட்டம் வேண்டும் எனக்கு? எழுதவே கூச்சமாக இருக்கிறது. எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல். பத்தொன்பது வயதில் ஆசைப்பட்டது. முப்பத்தேழில் ஆசைப்பட்டால் யாரிடம் சொல்வது?

14 மே, சனி

இன்று வண்ணாரப்பேட்டை போனோம். என் வீட்டுக்காரர் தாவூதின் தோஸ்து ரஹீம் சொன்ன இடம். புடவை மொத்தக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. சுவரெல்லாம் பட்டம் வாங்கியவர்களின் படங்கள். தாவூது காசிமேட்டில் படகு எஞ்சின் மெக்கானிக். நகத்தில் இருக்கும் கிரீஸ் தெரியக்கூடாது என்று இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே இருந்த ஆள் ரொம்பப் பணிவு. "மூணு வருஷம்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம்? ரெண்டு மாசத்துல கையில கொடுத்துடறேன். 2019ல முடிச்ச மாதிரி வரும்."

"எக்ஸாம்?"

"ஒரு நாள் வந்து உட்கார்ந்தா போதும்."

"கெமிஸ்ட்ரில பிராக்டிகல் உண்டே?"

"பிராக்டிகல் மார்க் நாங்களே போட்டுருவோம் மேடம். ரீடிங்லாம் ரெடியா இருக்கு."

அதுவரை எனக்குள் ஒரு பாதி சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. டைரியில் பொய் எழுத வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து எடுத்து வைத்திருந்த பணம் என் பையில் இருந்தது. ரீடிங் ரெடியா இருக்கு என்றதும் எழுந்துவிட்டேன்.

படியிறங்கும்போது தாவூது கேட்டார். "இன்னா, வேணாமா?"

"வேணாங்க."

"நீதானே ஆசப்பட்ட?"

"தண்ணியே பாக்காம அளவு எழுதறதும் இதுவும் ஒண்ணுங்க. அத மட்டும் நான் செஞ்சதில்ல."

டீக்கடை வரை வேகமாக முன்னால் நடந்தார். கோபம் என்று நினைத்தேன். டீயைக் குடித்துவிட்டு, "ரஹீம் கேட்டா இன்னா சொல்றது?" என்றார்.

"என் பொண்டாட்டிக்குக் கிறுக்குன்னு சொல்லுங்க."

"அது அவனுக்குத் தெரியும்" என்றார்.

28 ஜூலை, வியாழன்

சேர்ந்துவிட்டேன். பி.எஸ்சி. முதலாம் ஆண்டு. அந்த வண்ணாரப்பேட்டை ஆள் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. புத்தகங்கள் அட்டைப்பெட்டியில் வந்தன. உமைமா பிரித்து அடுக்கினாள். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. "அம்மா, உன் புக்கு என் புக்க விட குண்டு" என்றாள்.

12 பிப்ரவரி 2023, ஞாயிறு

ஸ்டடி சென்டரில் பிராக்டிகல். பதினோரு பேர். சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனை நான் முதலில் முடித்தேன். மூன்று முறையும் ஒரே அளவு. மேற்பார்வை செய்கிற சுயம்பு சார் ப்யூரெட் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மதியம் இயற்பியல். கண்ணாடிப் பட்டகத்தில் ஒளிக்கோடு எங்கே விழுகிறது என்று ஒரு மணி நேரம் தேடினேன். விழவே இல்லை.

பக்கத்து மேசை அய்யாத்துரை புழல் சிறையில் வார்டர். பட்டம் வாங்கினால் பதவி உயர்வு உண்டாம். அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "உங்களுக்கு மட்டுமில்ல மேடம், எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றார். ஆறுதலாக இருந்தது.

4 ஜூன், ஞாயிறு

நாளை முதல் பேப்பர். சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு படிப்பது மட்டும்தான் மனதில் நிற்கிறது.

11 அக்டோபர், புதன்

உமைமாவின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். காலாண்டுத் தேர்வு. அக்கவுண்டன்சியில் முப்பத்தெட்டு. எப்போதும் எண்பதுக்குக் குறையாத பிள்ளை. டீச்சர், "வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். அடுப்பில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் எப்போ படிக்கிறது, சொல்லு. ஸ்கூல்லேந்து வந்தா சோறு, குழம்பு, பாத்திரம். நீ வர்ற, நோட்ட தொறந்துகினு உக்கார்ற. ஞாயித்துக்கிழமை நீ இல்லவே இல்ல. நான் ஏதாவது கேட்டனா?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிம்மா சொல்றது? நான் பொறந்ததுனாலதான் உனக்கு டிகிரி போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். இப்போ உனக்கு டிகிரி வரணும்னா என்னுது போகணுமா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

யார் சொன்னது அவளிடம்? நான் சொன்னதே இல்லை. சொல்லாமலே இருந்திருக்கிறேன், பதினேழு வருடமாக, அவள் காதில் விழுகிற மாதிரி. ஒரு வருடத்துக்கு மேலாக நான் படித்த நேரமெல்லாம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையின் நேரத்தை எடுத்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன். கண்ணுக்கெதிரே அவள் சமைத்தாள். நான் பார்க்கவில்லை. லேபில் ஒரு சொட்டு நிறம் மாறினால் தெரிகிற கண்ணு — இது தெரில எனக்கு.

12 அக்டோபர், வியாழன்

டிசம்பர் தேர்வை எழுதப்போவதில்லை என்று தாவூதிடம் சொன்னேன். அவளுக்குப் பரீட்சை முடியட்டும், நான் ஜூனில் எழுதுகிறேன். ஞாயிறு பிராக்டிகல் மட்டும் போய்வருகிறேன். அதை விட்டால் ஒரு வருடம் போய்விடும்.

"எழுது, எழுதாத, உன் இஷ்டம். சாயங்கால சோறு இனிமே நான் ஆக்குறேன்" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதுங்க."

"எஞ்சினயே பிரிச்சி மாட்றேன். சோறு வடிக்கத் தெரியாதா?"

தெரியவில்லை. சோறு குழைந்து, மீன் உடைந்து, உப்பு எங்கேயும் இல்லை. உமைமா தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு தட்டை நீட்டி, "அத்தா, இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்து" என்றாள். எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அவர்தான் சிரித்தார்.

9 டிசம்பர், சனி

கரண்ட் இன்றுதான் வந்தது. எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மழை, காற்று. எர்ணாவூரில் தண்ணீர் எங்களுக்குப் புதிதில்லை. இந்த முறை தண்ணீரோடு பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் வந்தது. முதலில் வாசம். கதவைத் திறந்து பார்த்தால் தெருவே கறுப்பு. கணுக்கால் அளவில் இருந்தது கால் மணி நேரத்தில் முழங்காலுக்கு வந்தது. உமைமாவின் புத்தகங்களைப் பரணில் போட்டேன். அரிசி டிரம், மெத்தை, பீரோவில் இருந்த தாள்கள். கட்டில்மேல் இருந்த என்னுடையதைக் கடைசியாக எடுக்கலாம் என்று விட்டேன். கட்டில் புரண்டுவிட்டது.

பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டும், ஒன்றரை வருட அளவீடுகள் எழுதிய அப்சர்வேஷன் நோட்டும் போய்விட்டன.

மாடி வீட்டில் ஒதுங்கியிருந்தோம். "அம்மா, உன் நோட்டு எங்க?" என்று கேட்டவள், நான் தடுப்பதற்குள் இறங்கிப் போய்விட்டாள். இடுப்பு வரை எண்ணெயோடு திரும்பி வந்தாள். கையில் இரண்டு நோட்டும் இருந்தன. பக்கங்கள் ஒட்டி, கறுத்து, ஒரு கட்டியாக. தேங்காய் எண்ணெய் போட்டு அவள் கால்களைத் துடைத்தேன். ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.

"காய வச்சா படிக்க வருமா?" என்றாள்.

வராது. வரும் என்றேன்.

17 டிசம்பர், ஞாயிறு

சுவரில் கறுப்புக் கோடு. சோடா போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. எண்ணெய்க்குப் பயந்து காசிமேட்டு மீனையே வாங்க ஆளில்லை, எஞ்சின் வேலையும் இல்லை என்று தாவூது வீட்டில் இருக்கிறார்.

ஸ்டடி சென்டருக்குப் போனேன். சுயம்பு சார் நோட்டைப் பார்த்துவிட்டு, "யாரோடதையாவது பார்த்து எழுதிட்டு வாங்க, நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்" என்றார். அய்யாத்துரை கேட்காமலே தன் நோட்டைக் கொடுத்தார். நல்ல மனிதர்கள் இருவரும்.

வீட்டில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். அவருடைய முதல் டைட்ரேஷன்: 12.4, 12.4, 12.5. என்னுடையது வேறாக இருந்தது. என்னவென்று ஞாபகம் இல்லை, ஆனால் வேறு.

வண்ணாரப்பேட்டை ஆளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிய அன்று என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை. இன்று யாரும் பணம் கேட்கவில்லை. யாரும் பார்க்கவும் போவதில்லை. வெள்ளத்தில் போனவளுக்கு இதில் என்ன தப்பு?

கை வரவில்லை. பெரிய கொள்கை ஒன்றுமில்லை. கை வரவில்லை, அவ்வளவுதான்.

28 ஜனவரி 2024, ஞாயிறு

சுயம்பு சார் லேபைத் திறந்துவிட்டார். நான்கு ஞாயிறு. ஒன்பது பரிசோதனையில் ஏழைத் திரும்பச் செய்துவிட்டேன். மீதி இரண்டுக்கு வேண்டிய கருவி வெள்ளத்தில் கெட்டுவிட்டது. அந்த இரண்டு பக்கத்திலும் தலைப்பு மட்டும் எழுதி, கீழே "அளவீடுகள் வெள்ளத்தில் அழிந்தன" என்று எழுதினேன்.

"மார்க் போகும்மா" என்றார் சார்.

"போகட்டும் சார்."

வெளியே வந்ததும் வருத்தமாகத்தான் இருந்தது.

6 மே, திங்கள்

பிளஸ் டூ ரிசல்ட். உமைமா அறுநூறுக்கு 511. அக்கவுண்டன்சியில் தொண்ணூற்று மூன்று.

ஃபோனில் மார்க்கைப் பார்த்துவிட்டு முதலில் என்னிடம் ஓடிவரவில்லை. அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த அத்தாவிடம் போனாள். அதுதான் சரி.

3 ஜூன், திங்கள்

உமைமாவுக்கு அரசுக் கல்லூரியில் பி.காம். கிடைத்தது. சேர்க்கை ஃபாரத்தில் தாயின் கல்வி என்று ஒரு கட்டம். பேனாவை என்னிடம் நீட்டினாள். "படித்துக்கொண்டிருக்கிறார்" என்று எழுதினேன். அப்படியெல்லாம் எழுதலாமா என்று அவள் கேட்கவில்லை.

20 ஜனவரி 2025, திங்கள்

டிசம்பர் ரிசல்ட். இயற்பியலில் ஃபெயில். அந்த ஒளிக்கோடு.

21 ஜனவரி, செவ்வாய்

அய்யாத்துரையும் ஃபெயில். "ஜூன்ல ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம் மேடம், விடுங்க" என்று ஃபோன் செய்தார். பின்னால் ஜெயில் மணி கேட்டது.

19 ஜூன், வியாழன்

இயற்பியல் எழுதிவிட்டேன். அதோடு எல்லாம் முடிந்தது. ஹாலில் மின்விசிறி இல்லை. வியர்வை தாளில் விழாமல் இருக்க முழங்கைக்குக் கீழே துண்டு வைத்துக்கொண்டு எழுதினேன். ஒளிவிலகல் கேட்டிருந்தார்கள். இந்த முறை தெரிந்தது.

எம்.எஸ்சி.க்கு விண்ணப்பம் போட்டேன். அரசுக் கல்லூரி, பகல் வகுப்பு. ஐம்பத்தைந்து சதவீதம் வேண்டும். உமைமாதான் ஃபோனில் போட்டுக் கொடுத்தாள். வயது என்ற இடத்தில் 40 என்று அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சரியாதான் அடிச்சிருக்கே" என்றேன்.

29 ஆகஸ்ட், வெள்ளி

பாஸ். 56.2.

அந்த இரண்டு பக்கமும் நிரப்பியிருந்தால் ஐம்பத்தெட்டு வந்திருக்கும். மார்க் இன்னும் கொஞ்சம் போயிருந்தால் எம்.எஸ்சி.யே இல்லை. அதை இன்றுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அன்று போடவில்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த தாவூதிடம் சொன்னேன். "அப்போ பி.எஸ்சி.யா நீ இப்போ?" என்றார். ஆமாம் என்றேன். மறுபடியும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பிரியாணி வாங்க என்று பிறகு தெரிந்தது.

1 செப்டம்பர், திங்கள்

காலையில் கல்லூரியிலிருந்து செய்தி. இடம் கிடைத்திருக்கிறது. வியாழனுக்குள் சேர வேண்டும்.

மதியம் கிருஷ்ணப்பன் சார் உள்ளே கூப்பிட்டார். நான் கொடுத்த ரிசல்ட் நகலைக் கையில் வைத்திருந்தார். ஜெஸ்வின் புனேயில் வேலை கிடைத்துப் போகிறான். "மெஷின் உனக்குத்தான். உனக்குக் கீழ ரெண்டு பேர். சம்பளமும் நீ நினைக்கிறதைவிட நல்லா இருக்கும். மூணு வருஷமா நீ கழுவுனதை நான் பார்க்காம இல்ல, ஜெரினா."

அவர் மனதாரச் சொன்னார். அதனால்தான் கஷ்டமாக இருந்தது. மூன்றரை வருடத்துக்கு முன்னால் இதைத்தானே கேட்டேன்? ஒரே நாளில் இரண்டும் வந்து நின்றால் என்ன செய்வது?

வீட்டில் சொன்னேன். தாவூது, "உனக்கு இன்னா வேணும்?" என்றார்.

"ரெண்டும்."

"ரெண்டும் கெடைக்காதுன்னா?"

உமைமாதான், "மெஷினு எங்கேயும் போவாதும்மா. அடுத்த வருஷமும் ஒரு மெஷினு இருக்கும். சீட்டு வியாழக்கிழமைக்கு அப்புறம் இருக்காது" என்றாள். சாயங்காலம் மாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப்போகிறாளாம். யாரும் அவளைக் கேட்கவில்லை.

"உன் படிப்பு?" என்றேன்.

"நான் பாத்துக்குவேன். முடியலன்னா இந்த தடவ சொல்லிடறேன்."

2 செப்டம்பர், செவ்வாய்

சனிக்கிழமைகளில் மட்டும் வருகிறேன், மெஷினைக் கொடுங்கள் என்று கேட்டேன். கிருஷ்ணப்பன் சார் காலண்டரைப் பார்த்தார்.

"வாரத்துல ஒரு நாள் ஆளை வெச்சிக்கிட்டு மெஷினை ஓட்ட முடியாதும்மா. வேற ஆளைத்தான் பார்க்கணும்."

"பாருங்க சார்."

சனிக்கிழமை சாம்பிள் எடுக்க மட்டும் வா, அதுக்குக் காசு தர்றேன் என்றார். சரி என்றேன். போகும்போது மெஷின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு வந்தேன்.

4 செப்டம்பர், வியாழன்

சேர்ந்தாயிற்று.

12 நவம்பர், புதன்

இரண்டு மாதம் எழுதவே இல்லை. வீட்டில் மீன் வாரத்துக்கு இரண்டு நாள்தான் இப்போது. புதுப்புடவை இந்த வருடம் இல்லை. புள்ளியியல் புரியவில்லை, உமைமா சொல்லித்தருகிறாள். எரிச்சல்படுகிறாள், ஆனால் சொல்லித்தருகிறாள். அய்யாத்துரை தோளில் புதுப் பட்டையோடு படம் அனுப்பியிருந்தார்.

வகுப்பில் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. முதல் வாரம் மேடம் என்றார்கள். பிறகு அக்கா ஆனேன். ஃபைலை என்னிடம் கொடுத்து வைப்பார்கள். சண்டை வந்தால் என்னிடம் வந்து சொல்வார்கள். சாப்பிடும்போது எனக்கு முதலில் இடம் விடுவார்கள். குறை ஒன்றுமில்லை. ஆனால் எங்கேயோ விருந்துக்கு வந்தவள் மாதிரி இருந்தது.

இன்று கழிமுகத்துச் சேறு எடுக்க எல்லோரையும் கூட்டிப்போவதாக இருந்தது. கேட்டுக்கு வெளியே பஸ் கிளம்பப்போகிறது. நான் லேபில் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்துவிட்டேன். பஸ் படியில் தொங்கிக்கொண்டு பெர்சிஸ், என் வகுப்புத் தூத்துக்குடிப் பெண், கத்தினாள்.

"ஜெரினா! அங்க என்னடி பண்ற? வா சீக்கிரம்!"

வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புர்காவை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெர்சிஸ் கையை நீட்டினாள். பிடித்து ஏறினேன்.

"ஸாரி அக்கா, வாய்ல வந்துருச்சு."

"பரவால்ல, நகரு" என்று சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.